சங்கத்து ஸ்டோருக்கு ரீடர் எங்கே வைப்பது

தோஹா
வெள்ளிக்கிழமை

அன்பின் தம்பிக்கு,

உம்மாவின் கால்வலி குறைந்திருக்கிறது என்று மதினி சொன்னா, அல்ஹம்துலில்லாஹ்.

நீ வட்ஸ்அப்பில் அனுப்பிய கொட்டேஷனையும் மீனவர் சங்கத்து ஸ்டோரின் படங்களையும் பார்த்தேன். போனில் சொன்னால் பாதி காற்றோடு போய்விடும். நாளைக்கு நீ ஏணியில் நின்று வயர் இழுக்கும்போது எடுத்துப் பார்க்க வசதியாக இருக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் கொட்டேஷன். டேக் வாசிக்கிற ரீடர் ஆறு போட்டிருக்கிறார்கள். ஸ்டோரின் நான்கு மூலைக்கும் ஒவ்வொன்று, பெரிய கதவுக்கு ஒன்று, ஒஃபிஸ் அறைக்கு ஒன்று. மூலைக்கு மூலை வைத்தால் எந்த வள்ள எஞ்சின் எந்த இடத்தில் கிடக்கிறது என்று கொம்பியூட்டரில் தெரியும் என்று உன்னிடம் சொன்னார்களாம். கேட்க நல்லாத்தான் இருக்கிறது. அந்த நான்கையும் வெட்டிவிடு என்பதுதான் என் முதல் வார்த்தை.

காரணத்தைச் சொல்கிறேன். எஞ்சின்களில் நீ ஒட்டப்போகிற டேக்கில் பற்றரி கிடையாது. ரீடரின் அன்டெனா வீசுகிற ரேடியோ அலைதான் அதற்குச் சாப்பாடு. அந்த அலையில் கொஞ்சத்தைப் பிடித்துச் சிப் விழித்துக்கொள்கிறது. பிறகு அதே அலையைத் தன் நம்பருக்கு ஏற்ப விட்டுவிட்டுத் திருப்பி அடிக்கிறது. சின்ன வயதில் கண்ணாடித் துண்டால் வெயிலைத் திருப்பி மற்றவன் கண்ணில் அடிப்போமே, அதே வேலை. திரும்பி வருவது மிக மெல்லிய சத்தம். ரீடருக்குத் தெரிவதெல்லாம் ‘இந்த நம்பர் இந்த நேரம் என் காதில் விழுந்தது’ என்பது மட்டும்தான். எங்கேயிருந்து விழுந்தது என்பதை அது ஊகிக்கத்தான் முடியும். தகரமும் இரும்பும் நிறைந்த ஸ்டோருக்குள் அந்த ஊகத்தை நம்பிக் கணக்கு எழுத முடியாது.

இந்த வித்தை இன்று நேற்று வந்ததில்லை. 1945இல் மொஸ்கோவில் சோவியத் பள்ளிப் பிள்ளைகள் அமெரிக்கத் தூதுவருக்கு மரத்தில் செதுக்கிய கழுகுச் சின்னம் ஒன்றைப் பரிசாகக் கொடுத்தார்கள். அவர் அதை வீட்டுச் சுவரில் மாட்டினார். உள்ளே லியோன் தெரெமின் என்ற எஞ்சினியர் செய்த ஒட்டுக்கேட்கும் கருவி. பற்றரி இல்லை, வயர் இல்லை. வெளியிலிருந்து ரேடியோ அலையை அடித்தால் மட்டும் உயிர் வரும். அறையில் பேசுவதைத் திருப்பி அனுப்பும். 1952 வரை ஒருத்தர் கண்ணிலும் படவில்லை. நம் டேக்கும் அதன் வழிவந்ததுதான். ஆனால் ஒன்றைக் கவனி: அங்கே சின்னம் ஒரே சுவரில் அசையாமல் தொங்கியது, எந்தப் பக்கமிருந்து அலை அடிக்க வேண்டும் என்பது அடிக்கிறவனுக்குத் தெரிந்திருந்தது. அதனால்தான் அது அவ்வளவு காலம் வேலை செய்தது.

இப்போதும் இந்தச் சாமான் நன்றாக வேலை செய்கிற இடங்களைப் பார், எல்லாமே குறுகலான வழிகள். இந்தியாவில் 2021 பெப்ரவரியிலிருந்து நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடிகளில் ஃபாஸ்டேக் கட்டாயம். காரின் முன் கண்ணாடியில் ஒட்டிய டேக்கை மேலே இருக்கிற ரீடர் வாசிக்கிறது. வண்டி அந்த ஒற்றை வழியால்தான் வந்தாக வேண்டும், வேகத்தைக் குறைத்தாக வேண்டும், டேக் எல்லா வண்டியிலும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் இருக்கும். இந்திய ரயில்வே சரக்குப் பெட்டிகளில் டேக் பூட்டி, தண்டவாளத்தின் ஓரத்தில் ரீடர் நிறுத்துகிறது. பெட்டி தண்டவாளத்தை விட்டு எங்கே போகும்? ஆகவே ரீடர் வைக்க இடம் தேடும்போது, சாமான் கிடக்கிற இடத்தைப் பார்க்காதே. தப்ப முடியாமல் எந்த இடத்தால் போக வேண்டுமோ அந்த இடத்தைப் பார். சங்கத்து ஸ்டோரில் அது கடற்கரைப் பக்கத்துப் பெரிய கதவு ஒன்றுதான். பின்பக்கச் சின்னக் கதவை உள்ளிருந்து மட்டும் திறக்கிற மாதிரி மாற்றிவிடு. அவசரத்துக்கு ஆள் வெளியேறலாம், சாமான் போகக்கூடாது. திறந்தால் கத்துகிற ஒரு சின்ன அலாரம் அதற்குப் போதும்.

மூலை ரீடர்களுக்குப் பதிலாகக் கையில் பிடிக்கிற ரீடர் ஒன்று வாங்கச் சொல். சோழகக் காற்று தொடங்கி வள்ளங்களெல்லாம் கரையேறிய பிறகு எஞ்சின்கள் மாதக்கணக்கில் அந்த ஸ்டோருக்குள்தானே அடுக்கிக் கிடக்கின்றன. ஸ்டோர்காரர் கிழமைக்கு ஒரு தடவை அதைப் பிடித்துக்கொண்டு வரிசை வரிசையாக நடந்தால் இருப்பு தெரிந்துவிடும். மூலையில் நிற்கிற ரீடருக்கு முன்வரிசை எஞ்சின் பின்வரிசை எஞ்சினை மறைக்கும். ஆள் நடந்துபோனால் கோணம் மாறிக்கொண்டே இருக்கும், மறைவு குறையும்.

இப்போது பெரிய கதவு. வேலை முழுக்க இங்கேதான்.

கதவின் இரண்டு பக்கமும் உள்பக்கமாக அன்டெனா வை. ஒரு பக்கம் மட்டும் வைத்து மிச்சம் பிடிக்காதே. எஞ்சினைத் தடியில் கட்டி இரண்டு பேர் தோளில் தூக்கிக்கொண்டு வருவார்கள். மனித உடம்பு பெரும்பாலும் தண்ணீர். இந்த அலையைத் தண்ணீர் குடித்துவிடும். தூக்குகிறவன் அன்டெனாவுக்கும் டேக்குக்கும் நடுவில் வந்தால் முடிந்தது கதை. ஒரு பக்கத்து அன்டெனாவை இடுப்பு உயரத்திலும் மறுபக்கத்து அன்டெனாவை நெஞ்சு உயரத்திலும் வை. இரண்டின் முகத்தையும் நேருக்கு நேர் பார்க்க விடாமல் கொஞ்சம் கீழ்நோக்கிச் சாய்த்து, ஸ்டோரின் உள்ளேயும் பார்க்காமல் வெளியேயும் பார்க்காமல், கதவுப்படிக்கு மேலே இரண்டும் சந்திக்கிற மாதிரித் திருப்பு. வாங்கும்போது வட்ட முனைவாக்க அன்டெனா என்று கேட்டு வாங்கு. நேர் முனைவாக்கம் தூரம் கொஞ்சம் கூடப் போகும். ஆனால் டேக் குறுக்காகத் திரும்பிவிட்டால் அதற்குத் தெரியாது. தோளில் ஆடிக்கொண்டு வருகிற எஞ்சினுக்கு அது சரிவராது.

அடுத்தது தகரம். உன் படத்தில் கதவும் தகரம், பக்கச் சுவரில் பாதியும் தகரம். அலை அதில் பட்டுத் தெறிக்கும். தெறித்த அலையும் நேரே போன அலையும் சில இடங்களில் ஒன்றை ஒன்று கூட்டும், சில இடங்களில் ஒன்றை ஒன்று அழிக்கும். இந்த அலையின் நீளம் ஏறக்குறைய ஓர் அடி. ஆகவே நல்லாக வாசிக்கிற இடத்திலிருந்து அரை அடி, கால் அடி தள்ளினாலே செத்த இடம் ஒன்று இருக்கலாம். இதைக் காகிதத்தில் கணக்குப் பார்க்க ஏலாது. அன்டெனாவை முதலில் கயிற்றாலோ கிளாம்பாலோ தற்காலிகமாகக் கட்டு. இரண்டு பேரை எஞ்சினோடு நடக்க விட்டுப் பார், வேகமாக, மெதுவாக, கதவின் இடது ஓரத்தால், வலது ஓரத்தால். பிறகுதான் சுவரில் துளை போட வேண்டும். இங்கே நல்ல கொம்பனிக்காரர்கள் இந்த நடைக்கே ஒரு நாள் ஒதுக்குவார்கள். அவசரக்காரர்கள் பிளானில் புள்ளி வைத்த இடத்திலேயே துளை போட்டுவிட்டு, வாசிக்கவில்லை என்றதும் பவரைக் கூட்டுவார்கள்.

பவரைக் கூட்டுவதைப் போல இந்தத் தொழிலைக் கெடுத்த பழக்கம் வேறு இல்லை. கூட்டினால் கதவால் போகிற எஞ்சினும் வாசிக்கும், உள்ளே சும்மா கிடக்கிற எஞ்சினும் வாசிக்கும், வெளியில் நிற்கிற வள்ளத்தில் பூட்டியதும் வாசிக்கும். இரவு முழுக்க ‘வெளியே போனது, வெளியே போனது’ என்று அலாரம் அடிக்கும். பிறகு யாராவது அலாரத்தின் வயரைப் பிடுங்கிவிடுவார்கள், அத்தோடு செலவழித்த காசு கடலில். ஆகவே பவரைக் குறை, வழியைக் குறுக்கு. கதவு அகலமாக இருந்தால் இரண்டு பக்கமும் மரத் தடுப்பு வைத்து, இரண்டு பேர் எஞ்சினோடு போகிற அளவுக்கு மட்டும் விடு. கதவிலிருந்து உள்ளே மூன்று மீட்டர் வரை மஞ்சள் கோடு போட்டு, அதற்குள் டேக் பூட்டிய எதையும் வைக்கக்கூடாது என்று சங்கத்தில் ஒரு தீர்மானமே எடுக்கச் சொல். படியின் உள்ளே ஒன்று, வெளியே ஒன்றாக இரண்டு ஒளிக்கண் பூட்டு. உள்கண் முதலில் மறைந்தால் சாமான் வெளியே போகிறது, வெளிக்கண் முதலில் மறைந்தால் உள்ளே வருகிறது. ஒளிக்கண் மறையும்போது மட்டும் அன்டெனா வேலை செய்தால் போதும், மற்ற நேரம் பேசாமல் இருக்கட்டும். இதைச் செய்தால் பொய் அலாரத்தில் பெரும்பகுதி தானாக நின்றுவிடும்.

டேக்கை எஞ்சினில் எங்கே பூட்டுவது என்று கேட்டிருந்தாய். மேல் மூடி பிளாஸ்டிக்தானே, அதில் ஒட்டினால் அலைக்குத் தடையில்லையே என்று நீ நினைத்தது அலைக்குச் சரி, திருடனுக்குப் பிழை. மூடியைக் கழற்ற ஒரு நிமிடம் போதாதா? பழைய மூடி ஒன்றைப் போட்டுக்கொண்டு எஞ்சினைக் கொண்டுபோவான். உன் டேக் பத்திரமாக ஸ்டோருக்குள்ளேயே கிடக்கும், கணக்கும் சரியாக இருக்கும். வள்ளத்தின் பின்பலகையில் பிடிக்கிற அந்தக் கிளாம்பில், சீரியல் நம்பர் தகடு இருக்கிற பக்கமாகப் பூட்டு. அதற்குச் சாதாரண ஸ்டிக்கர் டேக் உதவாது. உலோகத்தில் நேராக ஒட்டினால் ஸ்டிக்கருக்குக் காது அடைத்துவிடும். உலோகத்துக்கென்றே செய்த, அடியில் இடைவெளி உள்ள தடித்த டேக் கேள். விலை பல மடங்கு. ஆனால் ஒரு எஞ்சினின் விலைக்கு முன் அது ஒன்றும் பெரிதில்லை. ரிவெட் அடித்து, விளிம்பைச் சுற்றி எப்பொக்சி பூசு. ரிவெட் மட்டும் போட்டால் உப்பு உள்ளே இறங்கும், பசை மட்டும் போட்டால் எஞ்சின் அதிர்வில் கழன்றுவிடும்.

வலைக்கு டேக் வேண்டாம் என்று சொல். நனைந்த வலைக் குவியலுக்குள் டேக்கைப் புதைத்துவிட்டு அது பேசவில்லையே என்று தேட வேண்டிவரும். வலை மூட்டைக்கு ஒரு பிளாஸ்டிக் வில்லை கட்டி அதில் நம்பர் எழுதினாலே போதும். ஐஸ் பெட்டிக்கு மூடியின் விளிம்பில், தண்ணீர் படாத பக்கம் ஒட்டலாம். மண்ணெண்ணெய்க் கேன் பிளாஸ்டிக்தான், மண்ணெண்ணெயும் தண்ணீர் மாதிரி அலையைக் குடிக்காது, அதனால் டேக் நன்றாகவே வாசிக்கும். ஆனால் எரிபொருள் வைக்கிற கொட்டிலுக்குள் ரீடர், லொக், ரிலே, ஒன்றும் வைக்காதே. பெற்றோல் ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு தங்கும். ஒரு சின்னப் பொறி போதும். அங்கே ஆமைப்பூட்டும் நல்ல காற்றோட்டமும் இருந்தால் சரி.

கொட்டேஷனில் இன்னொன்று பார்த்தேன். ரீடரை ஒஃபிஸ் அறைக்குள் வைத்து, அங்கிருந்து கதவு அன்டெனா வரை கொக்ஸ் கேபிள் இழுப்பதாக எழுதியிருக்கிறது, அதுவும் மெல்லிய வகை. அந்தக் கேபிளில் 10 மீட்டர் போனால் பவரில் பாதிக்கு மேல் வழியிலேயே போய்விடும். திரும்பி வருகிற மெல்லிய சத்தமும் அதே அளவு தேயும். ரீடரைக் கதவுக்குப் பக்கத்தில் உயரமாக ஒரு பொக்ஸில் வைத்து, அன்டெனாவுக்குத் தடித்த கேபிள் குட்டையாகப் போடு. ஒஃபிஸ் வரை நெட்வேர்க் கேபிள் இழு. அது 100 மீட்டர் வரை தாங்கும். ரீடர் வாங்க முன்பு அலைவரிசையைக் கேட்டுக்கொள். ஐரோப்பாவுக்குச் செய்தது 865இலிருந்து 868 மெகாஹேர்ட்ஸ், அமெரிக்காவுக்குச் செய்தது 902இலிருந்து 928. துபாயிலிருந்து மலிவாகக் கொண்டுவருகிறேன் என்று யாராவது வருவான். நம் நாட்டில் எதை அனுமதிக்கிறார்கள் என்று தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொண்டு பிறகு ஓடர் கொடு.

மாம்புரிக் காற்றாலையின் சிறகுகள் சுற்றுவதால் ரீடர் குழம்புமா என்று சங்கத்தில் ஒருவர் கேட்டதாக எழுதியிருந்தாய். 2010இல் வந்தது முதல் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது, அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று சொல். அதைச் சுற்ற வைக்கிற காற்றுக்குத்தான் நீ பயப்பட வேண்டும். மாம்புரிக் காற்றில் உப்பும் இருக்கிறது, மணலும் இருக்கிறது. பொக்ஸுக்கு வயர் நுழைகிற துளை கீழ்ப்பக்கம் இருக்கட்டும். வயர் நுழைவதற்கு முன் ஒரு வளைவு கீழே தொங்கட்டும், தண்ணீர் அதில் சொட்டிப் போகும். திருகாணி எல்லாம் ஸ்டெயின்லெஸ். அன்டெனா கனெக்டருக்கு மேலே ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்று. உள்ளே பச்சை பிடித்தால் வெளியில் ஒன்றும் தெரியாது, வாசிப்பு மட்டும் மாதத்துக்கு மாதம் குறைந்துகொண்டு போகும்.

ஒஃபிஸ் கதவு வேறு சங்கதி. அது கார்டைக் கிட்டப் பிடித்துத் திறக்கிறது. கொட்டேஷனில் போட்டிருப்பது எல்லாம் ஒன்றாக அடங்கிய மலிவு ரீடர், லொக்கைத் திறக்கிற ரிலேயும் அதன் வயிற்றுக்குள்ளேயே. இங்கே ஒரு பட்டறையின் சாமான் அறையில் அதே வகையைத்தான் வெளிச்சுவரில் பூட்டியிருந்தார்கள். ஒரு நாள் காலையில் பார்த்தால் ரீடர் வயரில் தொங்குகிறது, கதவு திறந்திருக்கிறது, துளையிடும் மெஷின்கள் இல்லை. பின்னால் வந்த இரண்டு வயரின் தோலை உரித்து ஒன்றாகத் தொட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். கார்டும் வேண்டாம், சாவியும் வேண்டாம். ஆகவே வெளியில் இருப்பது வாசிக்கிற தலை மட்டுமாக இருக்கட்டும். திறக்கலாமா வேண்டாமா என்று முடிவெடுக்கிற கொன்ட்ரோலரும் லொக்குக்குப் போகிற வயரும் அறைக்குள்ளே, சீலிங்குக்கு மேலே. கார்டும் பழைய 125 கிலோஹேர்ட்ஸ் வகை வேண்டாம். அதைப் பிரதி எடுக்கிற கருவி கடையில் சும்மா விற்கிறான். மைஃபேர் கிளாசிக் என்றால் அதன் பூட்டை 2008லேயே நெதர்லாந்து ஆராய்ச்சியாளர்கள் உடைத்துக் காட்டிவிட்டார்கள். டெஸ்ஃபயர் வகை கேள். ரீடர் கைப்பிடிப் பக்கம், தரையிலிருந்து ஒரு மீட்டருக்குச் சற்று மேலே. இரும்பு நிலையில் நேராகப் பதிக்காதே, அடியில் ஒரு பிளாஸ்டிக் பலகை வை.

லொக்கைப் பற்றி யோசித்துச் செய். காந்த லொக் கரண்ட் போனால் திறந்துவிடும். நுரைச்சோலையில் 900 மெகாவாட் மின்நிலையம் நம் மூக்குக்கு முன்னால் நிற்கிறதே, கரண்ட் போகாது என்று நம்பாதே. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை துணை மின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்ததாகச் சொல்லி நாடே இருண்டதும், நுரைச்சோலை மெஷின்களும் நின்றுபோய் அடுத்த நாட்களில் மாறி மாறி வெட்டியதும் உனக்கு ஞாபகம் இருக்கும். கரண்ட் இல்லாவிட்டாலும் வெளியில் பூட்டியே இருந்து, உள்ளே இருக்கிறவன் கைப்பிடியைத் திருகினால் திறக்கிற வகையைப் போடு. கொன்ட்ரோலருக்கு 12 வோல்ட் பற்றரி ஒன்று வை, வருஷா வருஷம் சோதித்துப் பார். நம் வெக்கையில் பற்றரி சீக்கிரம் சாகும். பெரிய கதவின் பழைய ஆமைப்பூட்டைக் கழற்றி எறிந்துவிடாதே. இரவுக்கு அதுவும் இருக்கட்டும்.

கடைசியாக ஆட்கள். கார்ட் போட்டால் யார் எத்தனை மணிக்கு வந்தான், போனான் என்பதெல்லாம் பதிவாகும். சங்கத்துக்காரர்கள் இதை வேவு பார்க்கிற வேலை என்று நினைத்துவிட்டால் நீ பூட்டிய ரீடரில் ஒருவர் கூட ஒழுங்காகக் கார்ட் காட்ட மாட்டார். எது பதிவாகிறது, எத்தனை மாதம் வைத்திருப்போம், யார் பார்க்கலாம் என்பதைக் கூட்டத்தில் வாசித்து, நோட்டீஸ் போர்டில் ஒட்டு. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்றும் இருக்கிறது. பாஸ்வேர்ட் தலைவரிடம் மட்டும், அல்லது ஸ்டோர்காரரிடம் மட்டும் இருக்கக் கூடாது. நீ வைத்துக்கொள்ளவே வேண்டாம். நாளை ஒரு எஞ்சின் காணாமல் போனால் முதல் விரல் உன் பக்கம்தான் நீளும்.

ஆகவே புதுக் கொட்டேஷன் இப்படி வரட்டும்: பெரிய கதவுக்கு ஒரு ரீடரும் இரண்டு அன்டெனாவும் இரண்டு ஒளிக்கண்ணும், ஒஃபிஸுக்கு ஒரு கார்ட் ரீடர், கொன்ட்ரோலர் உள்ளே, கையில் பிடிக்கிற ரீடர் ஒன்று, உலோக டேக் எஞ்சின் எண்ணிக்கைக்கு மேலே ஒரு பத்து. பூட்டிய பிறகு நடந்து காட்டி, நாம் திருப்தி என்று சொன்ன பின்தான் கடைசிக் காசு என்றும் ஒரு வரி எழுதச் சொல். அதற்கு மறுத்தால் வேறு ஆளைப் பார்ப்போம்.

கதவின் அகலமும் உயரமும், கதவிலிருந்து முதல் எஞ்சின் வரிசை வரை எத்தனை அடி என்பதும் அளந்து அனுப்பு. படத்தில் கதவுக்கு இடப்பக்கம் ஒரு தண்ணீர் டேங்க் தெரிகிறது, அது சுவரை ஒட்டியா இருக்கிறது? ஒட்டியிருந்தால் அந்தப் பக்கத்து அன்டெனாவை வேறு மாதிரித் திருப்ப வேண்டும்.

உம்மாவுக்கும் மதினிக்கும் சலாம். சின்னவனுக்குக் கேட்ட சப்பாத்து வாங்கிவிட்டேன், அடுத்த மாதம் ஊருக்கு வருகிற பக்கத்து ரூம் ஆளிடம் கொடுத்து விடுகிறேன்.

உன் நானா